எந்தக் காற்றில் வெட்டுவது

அரூரிலிருந்து சேலம் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில், ஒரே வளாகத்துக்குள் இரண்டு பட்டறைகள் இருக்கின்றன. முன்பக்கம் கேத்தரினும் அவள் கணவன் அருள்பிரகாஷும் நடத்துகிற லேசர் கட்டிங். பின்பக்கம், இரும்பில் நிறப்பொடி தூவி ஓவனில் சுட்டெடுக்கிற பெரியம்மாளின் பவுடர் கோட்டிங். இடம் பெரியம்மாளுடையது. ஓசூரில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, கையில் தொழிலோடு ஊர் திரும்பியவள் அவள். அண்ணன் தம்பிகள் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த நிலத்தில் தன் பங்கைக் கேட்டு வாங்கி, ஷெட் போட்டு, ஓவன் வைத்தாள். ஐம்பது வயது தாண்டியும் கனமான தகடுகளைத் தானே தூக்கிக் கொக்கியில் மாட்டுவாள்.

கேத்தரின் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் லேசர் மிஷின் ஓட்டிப் பழகியவள். அருள்பிரகாஷ் வெல்டிங்கில் கெட்டிக்காரன். கல்யாணமான புதிதில், மிஷின் வைக்க இடம் தேடி இருவரும் அலைந்தபோது, பெரியம்மாள்தான் முன்பக்கத்தைக் காட்டி, "இங்க வெச்சுக்கங்க, என் லைன்லயே கரண்டு எடுத்துக்கலாம்" என்றாள். அதிலிருந்து கேத்தரின் வெட்டுவாள், அருள்பிரகாஷ் வளைத்து வெல்டிங் வைப்பான், பெரியம்மாள் நிறம் ஏற்றுவாள். நடுச்சுவரில் கதவு வைக்க விட்ட இடத்தில் கதவு வைக்கப்படவே இல்லை. அந்த வழியாகத் தகடுகள் போயின. மதியத்தில் பெரியம்மாள் கிண்டிய களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தன.

லேசர் வெட்டுவதைப் பார்க்க வருகிறவர்கள் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். வெளிச்சம் இரும்பை உருக்க மட்டும்தான் செய்யும். உருகியதைக் கீழே தள்ளி வெட்டைத் திறந்துவிடுவது, கூடவே நாசில் முனை வழியாக வருகிற வாயு. ஆக்சிஜன் விட்டால் அது சும்மா தள்ளாது. இரும்போடு சேர்ந்து எரிந்து தானும் ஒரு பங்கு வெட்டும். தடித்த தகட்டையும் சின்ன மிஷின் அறுத்துவிடும். நைட்ரஜன் எதோடும் சேராது. பெரிய அழுத்தத்தில் வந்து, உருகியதை ஊதித் தள்ளிவிட்டுப் போய்விடும். அதனால் அது நிறையச் செலவாகும். சிலிண்டர் வண்டி நாள் தவறாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் கேத்தரின் மெல்லிய தகடு எல்லாவற்றையும் நைட்ரஜனில்தான் வெட்டினாள். கோயம்புத்தூரில் பழகியது அப்படி. ஆனால் அரூருக்கு சிலிண்டர் வண்டி எப்போது வரும் என்றே சொல்ல முடியாமல் ஆனபோது, மிஷின் சர்வீஸுக்கு வந்த இன்ஜினியரிடம் அருள்பிரகாஷ் கேட்டான். துருப்பிடிக்காத எஸ்.எஸ். என்றால் நைட்ரஜன், சாதா இரும்பு என்றால் ஆக்சிஜன், எங்கும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று அவர் சொன்னார். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அன்றிலிருந்து சாதா இரும்பு முழுக்க ஆக்சிஜனுக்கு மாறியது. டிராக்டர் கலப்பைக்கான பட்டைகள், தூண்களுக்கு அடியில் போடுகிற தகடுகள், எல்லாம் நன்றாகவே வந்தன.

அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய வேலை, இண்டூர் தர்மனுடையது.

தர்மன் ரோட்டோரமாக இருந்த தன் நிலத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். வாசல் கேட்டுக்கும் மாடி முகப்புக்கும் முல்லைக்கொடி போட்ட தகடுகள் வேண்டும் என்றார். கேத்தரின் அந்தக் கொடியை வரைவதற்கே நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். இலைகள் ஒன்றின் மேல் ஒன்று சாயாமல், கொடி எங்கேயும் அறுந்து போகாமல், குழந்தைகள் கை விட்டால் மாட்டிக்கொள்ளாமல் வரைந்தாள். பெரியம்மாள் அதற்கு மயில்கழுத்துப் பச்சை ஏற்றினாள். தகடுகளை மாட்டிய அன்று மூவரும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார்கள். வெயிலில் முகப்பு முழுவதும் கொடி படர்ந்தது போல இருந்தது. அருள்பிரகாஷ் ஃபோனில் படம் எடுத்து அதையே பட்டறையின் வாட்ஸ்அப் படமாக வைத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை முடிந்து கொஞ்ச நாளில் தர்மனிடமிருந்து ஃபோன் வந்தது. அருள்பிரகாஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நம்ம மண்டபத்துல பச்சை உரியுதுப்பா. ஒரு எடத்துல இல்ல, எல்லா எலையிலயும் ஓரம் ஓரமா உரியுது. தையில எம் பொண்ணு கலைமதிக்கு அங்கதான் கல்யாணம் வெச்சிருக்கன். பெயிண்ட் அடிச்சவங்க ஏதோ மிச்சம் புடிச்சுட்டாங்களாட்டம் இருக்குது. என்னானு பாரு."

தர்மன் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அருள்பிரகாஷை அதிகம் சுட்டது. ஃபோனை வைத்ததும் நேரே சுவர்த் திறப்பு வழியாகப் பின்பக்கம் போனான்.

"அக்கா, தர்மன் அண்ணன் ஃபோன் பண்ணாருங்க. பச்சை உரியுதாமுங்க. அந்தத் தகடுங்கள தொட்டியில சரியா முக்கலீங்களா?"

பவுடர் ஏற்றுவதற்கு முன் இரும்பை வரிசையாகச் சில தொட்டிகளில் முக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் போக ஒன்று, துரு போக ஒன்று, நிறம் பிடிக்க ஒன்று. பெரியம்மாள் கையில் இருந்த, பவுடர் தெளிக்கிற கன்னைக் கீழே வைத்தாள்.

"முக்காமயா அடிப்பன்?"

"இல்லீங்கக்கா, அவசரத்துல ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கும்."

"ஒண்ணு ரெண்டுதான் உரியுதா?"

"எல்லாமேதானுங்க உரியுது."

பெரியம்மாள் கன்னை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "சரிங்க. பாக்கறங்க" என்றாள்.

அருள்பிரகாஷ் அவளைவிட மிகவும் இளையவன். 'வாடா பிரகாசு, போடா பிரகாசு' என்றுதான் அவள் வாயில் வரும். அந்த 'ங்க' அவனுக்கு உடனே உறைக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த கேத்தரினுக்கு உறைத்தது.

மறுநாள் அந்தத் திறப்பில் பின்பக்கமிருந்து ஒரு தகரம் சாத்தப்பட்டிருந்தது. வெட்டிய பொருளை அருள்பிரகாஷ் வெளியே சுற்றிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. "வெச்சுட்டுப் போங்க. ஆனதும் சொல்லி அனுப்பறங்க" என்றாள் பெரியம்மாள். கேத்தரின் போனபோதும், "வாங்க, சொல்லுங்க" என்றுதான் வந்தது. மதியம் களி வரவில்லை. கேத்தரின் டப்பாவில் கொண்டு வந்த தக்காளிச் சோற்றைக் கணவனும் மனைவியும் தின்றார்கள்.

"நான் என்னா தப்பாக் கேட்டன்?" என்றான் அருள்பிரகாஷ்.

"நீங்க கேக்கலீங்க, சொன்னீங்க" என்றாள் கேத்தரின். "நான் போய் மொதல்ல பாத்துட்டு வரன்."

தர்மபுரி போய் பஸ் மாறி இண்டூரில் இறங்கினாள். மண்டபத்தில் ஆள் இல்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கேத்தரின் ஏணி போட்டு ஒவ்வொரு தகடாகப் பார்த்தாள். தர்மன் சொன்னது சரி. இலைகளின் ஓரங்களில் பச்சை நூல் நூலாக எழும்பி நின்றது. உள்ளே இரும்பு தெரிந்த இடங்களில் காவி நிறத்தில் துரு தொடங்கியிருந்தது.

ஆனால் இலைகளின் முகத்தில் ஒரு புள்ளிகூட உரியவில்லை. சாவியால் கீறிப் பார்த்தாள். பச்சை கல் மாதிரி பிடித்திருந்தது. தகடுகளை மாட்டியிருந்த பைப்புகளைப் பார்த்தாள். அவற்றை லேசரில் வெட்டவில்லை, அருள்பிரகாஷ் அறுப்புச் சக்கரத்தில் வெட்டியிருந்தான். அந்த வெட்டு வாய்களில் உரியவில்லை. எல்லாம் ஒரே தொட்டிகளில் முங்கியவை, ஒரே ஓவனில் வெந்தவை. தொட்டியில் குறை இருந்தால் முகத்திலும்தானே உரிய வேண்டும்?

எழும்பி நின்ற பச்சை நூல் ஒன்றை நகத்தால் பிடித்து மெதுவாக இழுத்தாள். விரல் நீளத்துக்கு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் பச்சையாக இல்லை. கருஞ்சாம்பல் நிறத்தில், மீன் செதில் போல ஒரு மெல்லிய தோல் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஆக்சிஜனில் வெட்டிய ஓரத்தில் அந்தத் தோலை அவள் தினமும் பார்க்கிறாள். இரும்பு எரிந்த இடத்தில் படிகிற கருப்பு அது. பார்வைக்கு வழவழப்பாக, கெட்டியாக இருக்கும். துரு எடுக்கிற தொட்டியில் முக்கினாலும் போகாது. பெயிண்ட் அதைத்தான் இரும்பு என்று நம்பிப் பிடித்திருக்கிறது. மழையிலும் வெயிலிலும் அந்தத் தோல் இரும்பை விட்டபோது பெயிண்டும் கூடவே போயிருக்கிறது. பெயிண்ட் தன் பிடியை விடவே இல்லை.

அந்த நூலை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். அரூரில் இறங்கியதும் பட்டறைக்குப் போகாமல் தங்கள் பங்குத் தேவாலயத்துக்குப் போனாள். அங்கே வாசலில் போன வருஷம் அவர்கள் செய்து கொடுத்த தகட்டுக் கதவு இருந்தது. அதுவும் சாதா இரும்பு, அதே கனம், பெரியம்மாளின் அதே தொட்டிகள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்துவிட்டது. வளைவுகளுக்குள் விரல் விட்டு ஓரங்களைத் தடவினாள். எங்கும் எழும்பவில்லை. அது நைட்ரஜனில் வெட்டியது.

பட்டறைக்கு வந்து அருள்பிரகாஷின் உள்ளங்கையில் அந்த நூலை வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எல்லாரும் சாதா இரும்புக்கு ஆக்சிஜன்தான போடறாங்க?"

"போடறாங்க. வெட்டுன பீஸு வெல்டிங்குக்கோ மெஷினுக்கோ போறதுன்னா அதான் சரி. நாம இரும்ப மட்டும் பாத்து கேஸு போட்டுட்டோம். வெட்டுனதுக்கப்புறம் அது எங்க போவுதுன்னு பாக்கல. மேல பெயிண்ட் வருது, அதுக்கு மேல மழை வருது."

"அப்ப அக்கா மேல ஒண்ணும் தப்பில்ல."

"ஒண்ணுமேயில்ல."

அவன் எழுந்தான். பிறகு உட்கார்ந்தான். "நீ மொதல்ல போய்ச் சொல்லு. நான் பின்னால வரன்" என்றான்.

கேத்தரின் பின்பக்கம் போனபோது பெரியம்மாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிகள் எல்லாம் காலியாக இருந்தன. புது மருந்துக் கேன்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"என்னக்கா, எல்லாத்தயும் எறக்கிட்டீங்களா?"

"ஆமாங்க. மருந்து கெட்டுப்போச்சோ என்னமோ. பாத்துப் பாத்துத்தான் போட்டன். இருந்தாலும் இத்தன உரியுதுன்னா எங்கயோ கை தப்பியிருக்கணும் இல்லீங்களா."

கோபித்துக்கொண்டு தகரம் சாத்தினாள் என்று கேத்தரின் நினைத்திருந்தாள். பெரியம்மாளோ தன் கையின் மேலேயே சந்தேகம் வந்து, அதை யாரும் பார்க்க வேண்டாம் என்று சாத்தியிருக்கிறாள்.

"வெளிய வாங்கக்கா. ஒண்ணு காட்டணும்."

பெரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த நூலை வாங்கி வெயிலில் பிடித்தாள். பச்சைப் பக்கத்தைப் பார்த்தாள். திருப்பினாள். கருஞ்சாம்பல் தோலை நகத்தால் சுரண்டினாள். அது பெயிண்டை விட்டு வரவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினாள். வரவில்லை.

"இது எம் பெயிண்டு விடலயே" என்றாள்.

"விடவேயில்ல. இரும்பு தோலு உரிச்சிருக்குது. எங்க ஆக்சிஜன் போட்ட தோலு."

பெரியம்மாள் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. ஜுரம் விட்டவளைப் போல இருந்தாள்.

"நாலு நாளா நான் தூங்கல, கண்ணு" என்றாள்.

அந்த நேரத்தில் அருள்பிரகாஷ் வந்து நின்றான்.

"அக்கா, தப்பாப் பேசிட்டங்க."

"பேசுனதுகூட பரவால்லடா. தொட்டிய வந்து ஒரு எட்டுப் பாத்துட்டு பேசியிருக்கலாம். பாக்காம பேசுன பாரு, அதான்."

"இனிமேப் பாக்கறங்க."

"இப்ப பாரு. காலி தொட்டிதான் இருக்குது" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, பூட்ஸைத் தானே மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். மிச்சத்தை அவன்தான் தேய்த்து முடித்தான். போகும்போது திறப்பில் சாத்தியிருந்த தகரத்தையும் எடுத்துக் கூரைக்குப் பின்னால் போட்டான்.

ஆனால் கேத்தரினுக்கு ஒரு நூலையும் ஒரு கதவையும் வைத்து முடிவு செய்ய மனமில்லை. புதுத் தொட்டிகள் தயாரானதும் அதே முல்லை இலையை மூன்று விதமாக வெட்டினாள். ஒரு கட்டு ஆக்சிஜனில், ஒரு கட்டு மிச்சமிருந்த நைட்ரஜனில், ஒரு கட்டு கம்ப்ரஸர் காற்றில். காற்றை அவள் அதுவரை பெரிதாக நினைத்ததில்லை. அதிலும் பெரும்பங்கு நைட்ரஜன்தான், கொஞ்சம் ஆக்சிஜன். ஈரத்தையும் எண்ணெயையும் வடிகட்டி அனுப்பினால் அதுவும் மெல்லிய தகட்டை வெட்டும். வடிகட்டாமல் விட்டால் மிஷினின் லென்ஸ் கெட்டுவிடும்.

மூன்றையும் பெரியம்மாளின் மேசையில் பரப்பினார்கள். ஆக்சிஜன் இலையின் ஓரம் கரி மாதிரி இருந்தது. நைட்ரஜன் இலையின் ஓரம் வெள்ளிபோல மின்னியது. காற்றில் வெட்டியது இரண்டுக்கும் நடுவே, லேசாக மஞ்சளோடிக் கிடந்தது.

பெரியம்மாள் நைட்ரஜன் இலையை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினாள். "பளபளன்னுதான் இருக்குது. ஆனா கத்தி மாதிரி இருக்குது பாரு. கூரா இருந்தா ஓவன்ல பவுடர் உருகறப்ப அந்த எடத்துல நிக்காது, வெலகிப் போயிரும். ஒரு தடவ உப்புத்தாள் போட்டு முனைய மழுக்கிக் குடு."

இது கேத்தரினுக்குத் தெரியாத விஷயம். அப்படியே செய்தாள். ஆக்சிஜன் இலைகளில் பாதியை எடுத்து ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக் கருப்பை எடுத்துப் பார்த்தாள். நேரான ஓரம் சுலபமாக வெளுத்தது. கொடி வளைகிற உள்மூலைகளில் விரலே நுழையவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை ஏற்றி, ஓவனில் வேகவைத்து, ஆறவைத்தார்கள். மறுநாள் பெரியம்மாள் பின்பக்க அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி இலைகளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். ஓசூர் கம்பெனியில் அப்படித்தான் சோதிப்பார்களாம். ஒரு வருஷத்து மழையை ஒரு பகலில் காட்டிவிடும் என்றாள்.

அருள்பிரகாஷ் வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, கீரை வேவுதா?"

"ஆமாண்டா. களிக்கு ஆவும், தட்டு எடுத்துட்டு வா."

வெந்த இலைகளைத் துடைத்து, ஓரங்களில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தாள் பெரியம்மாள். ஆக்சிஜன் இலைகளில் பச்சை டேப்போடு வந்துவிட்டது. அடியில் அதே கருஞ்சாம்பல் தோல். உப்புத்தாள் போட்டவற்றில், வெளுத்த இடங்களில் நின்றது, மூலைகளில் வந்தது. காற்றில் வெட்டியது பெரும்பாலும் நின்றது. ஓரிரண்டு இடத்தில் பொடியாக உதிர்ந்தது. நைட்ரஜன் இலைகளில் டேப் வெறுமையாக வந்தது. பெரியம்மாள் நம்பாமல் இன்னொரு டேப் ஒட்டி இழுத்தாள். பிறகு இலையை வைஸில் இடுக்கி வளைத்தாள். பச்சை இரும்போடு சேர்ந்து வளைந்தது.

"புடிச்சுக்கிச்சு" என்றாள்.

அன்று மதியம் களியைச் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடிவு செய்தார்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கிற பெயிண்ட் வேலை என்றால் நைட்ரஜன். வீட்டுக்குள் இருக்கிற பெட்டி, மூடி மாதிரிச் சின்ன வேலைக்குக் காற்று போதும். அதற்குக் காற்றின் ஈரத்தை எடுக்க நல்ல டிரையர் வாங்க வேண்டும். தடித்த தகடுகளுக்கு எப்போதும்போல ஆக்சிஜன்தான். அவற்றை நைட்ரஜனில் வெட்ட அவர்கள் மிஷினுக்குத் தெம்பு போதாது, அடியில் பிசிறு தொங்கும். அப்படிப்பட்ட தகட்டுக்குப் பெயிண்ட் தேவைப்பட்டால் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பது அருள்பிரகாஷின் பொறுப்பு. வேலை எடுக்கும்போதே மூவரும் சேர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் எந்த வாயு என்று முடிவு செய்வது. இத்தனை நாளும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேத்தரினுக்கே ஆச்சரியமாக இருந்தது. நடுச்சுவரின் திறப்பில் ஒரு கதவுகூட இருந்ததில்லை.

தர்மனிடம் பேசியது கேத்தரின்.

"அண்ணா, தப்பு எங்க வெட்டுலதாங்க. பெரியம்மாக்கா வேலையில ஒரு குறையும் இல்லீங்க. தகடு எல்லாத்தயும் புதுசா வெட்டிப் போட்டுத் தரோம். கல்யாணத்துக்கு முன்ன மாட்டிருவோம்."

"அப்ப அந்தம்மாவ நான் தப்பா நெனச்சுட்டனே. உங்க வூட்டுக்காரர்கிட்டயும் அப்புடித்தான் சொன்னன்."

"அவுங்களுக்கு அது தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுதே" என்றார் தர்மன். "சரிம்மா, பண்ணுங்க. கல்யாணத்துக்கு மூணு பேரும் வந்துரணும். பத்திரிகையோட நான் வரன், அந்தம்மாவ நேர்ல கூப்புடணும்."

சொன்னபடி வந்தார். வெற்றிலைத் தட்டோடு பின்பக்கம் போய்ப் பெரியம்மாளை முறைப்படி அழைத்தார். அவளைப் பற்றித் தவறாக நினைத்ததையும் மறைக்காமல் சொன்னார். பெரியம்மாள் அதற்கு, "பச்சைய இன்னொரு சுத்து அழுத்தமாப் போட்டுத் தரங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெட்டு வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மாடி முகப்பு முடிந்து கேட்டுக்கான தகடுகள் மட்டும் மிச்சமிருந்தபோது நைட்ரஜன் தீர்ந்தது. சிலிண்டர் வண்டி ஓசூரிலேயே பழுதாகி நிற்கிறது என்று ஃபோனில் சொன்னார்கள். கல்யாணம் நெருங்கிவிட்டது. மிஷினுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் முழுசாக நின்றன. கேத்தரின் அவற்றைப் பார்த்தாள். அருள்பிரகாஷும் பார்த்தான்.

"அதத் தொடாத" என்றான். "நான் சேலம் போய் எடுத்துட்டு வரன்."

பக்கத்து ஊர் ராஜாவின் டாடா ஏஸை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினான். மஞ்சவாடிக் கணவாயில் பனி இறங்கி, முன்னால் போகிற லாரியின் விளக்குகூடத் தெரியவில்லை என்று திரும்பி வந்து சொன்னான். சிலிண்டர்களைக் கயிறு போட்டுக் கட்டி, வளைவு தவறாமல் இறங்கிப் பார்த்து முடிச்சை இறுக்கி, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி வந்திருந்தான். மதியத்துக்குள் கேத்தரின் மிஷினை ஓட்டிவிட்டாள். நைட்ரஜன் சீறுகிற சத்தத்தில் பட்டறைக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வெட்டி விழுந்த முதல் இலையைக் குறடால் எடுத்து அவள் தூக்கிக் காட்ட, திறப்பில் நின்றிருந்த பெரியம்மாள் தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தகடுகளை மாட்டினார்கள்.

தை முகூர்த்தத்தன்று மூவரும் அதே டாடா ஏஸில் இண்டூர் போனார்கள். பெரியம்மாள் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அவளைப் பட்டில் கேத்தரின் பார்த்தது அதுதான் முதல் தடவை. மண்டபத்து முகப்பில் செவ்வந்திச் சரங்களைக் கொடியின் ஊடாகவே கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எது பூ, எது இரும்பு என்று தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது. கலைமதியும் மாப்பிள்ளையும் அந்த முகப்பில் சாய்ந்து நிற்க, போட்டோக்காரர் கீழேயிருந்து படம் எடுத்தார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மூதாட்டி ஒருத்தி பெரியம்மாளிடம் கேட்டாள். "பொண்ணுக்கு நீ என்னாவாவணும்?"

"ஒறவு இல்லீங்க. அந்தக் கொடி எங்க பட்டறையில பண்ணுனது" என்றாள் பெரியம்மாள். கேத்தரினைக் காட்டி, "இது வெட்டுனது, அவன் மாட்டுனது, நான் பச்சை போட்டது" என்றாள்.

"பெயிண்டு நல்லா இருக்குது" என்றாள் மூதாட்டி.

"வெட்டும் நல்லா இருக்குது" என்றாள் பெரியம்மாள்.

சாப்பிட்டு எழுந்ததும் தர்மன் அருள்பிரகாஷைக் கை கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நீளத் தடுப்பு வேண்டுமாம், எஸ்.எஸ்.ஸில் செய்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டார். முன்பு என்றால் அருள்பிரகாஷ் உடனே டேப்பை எடுத்து நீளம் அளந்திருப்பான். இப்போது குழாய்களைத் திறந்து தண்ணீர் எங்கே தெறிக்கிறது என்று பார்த்தான். தரையை எதை ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று கேட்டான். பிறகு, "அவுங்க ரெண்டு பேரையும் கூப்புட்டுக்கறங்க" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் வந்தான். பெண்கள் இருவரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மூவரும் தண்ணீர் தேங்கிய தரையில் நின்று பேசினார்கள். இதை நைட்ரஜனில்தான் வெட்ட வேண்டும், ஆக்சிஜன் பட்டால் எஸ்.எஸ். ஓரமும் கறுத்து, பிறகு துருவும் காட்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெயிண்ட் இல்லாத வேலை என்பதால் தனக்கு இதில் பங்கில்லை என்று பெரியம்மாள் சொன்னாள். ஆனால் தடுப்பின் அடியில் தண்ணீர் நிற்காமல் ஓட ஒரு சாய்வு வைக்கச் சொன்னது அவள்தான்.

திரும்பும்போது மொரப்பூரில் டீக்கு நிறுத்தினார்கள். சாயங்கால வெயில் ரோட்டில் நீளமாக விழுந்திருந்தது. பெரியம்மாள் டீயைக் குடித்து முடித்து, தாம்பூலப் பையிலிருந்த தேங்காயைக் கேத்தரின் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு நீ சட்டினி அரைச்சுக் கொண்டாந்துரு. நான் இட்டிலி ஊத்தறன். களியே தின்னுத் தின்னு இவன் மொகம் களி மாதிரி ஆயிருச்சு."

அருள்பிரகாஷ் வண்டியைக் கிளப்பினான். அரூர் வருவதற்குள் பெரியம்மாள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். காற்று அவள் தலையிலிருந்த மல்லிகையைக் கலைக்காமல் இருக்க, கேத்தரின் கை நீட்டிக் கண்ணாடியைப் பாதிவரை ஏற்றிவிட்டாள்.